இரண்டு திரை, ஒரு கண்

ஒரு மனிதக் கண்ணுக்குள் இறங்கி உலாத்திவிட்டு வந்தவன் நான். பட்டப்பகலில், ஒரு கம்ப்யூட்டர் கடையில் வைத்து. சந்தேகமிருந்தால் என் தங்கையைக் கேளுங்கள். "அண்ணா சொல்றதுல பாதியைக் கழிச்சுக்கோங்க" என்பாள். தாராளமாகக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சப் பாதிக்கே வாய் பிளந்துவிடும்.

தங்கை செயற்கைக் கண் செய்பவள். ஒரு கண்ணை இழந்தவர்களுக்கு, இருக்கிற கண்ணுக்கு ஜோடியாக இன்னொன்று செய்து, கருவிழியைக் கையாலேயே வரைந்து கொடுப்பாள். சட்டைப் பொத்தான் அளவு வட்டம். மூன்றே மூன்று மயிர் உள்ள தூரிகை. அதில் நூறு கோடு. நான் முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். உலகத்தை மேலும் கீழுமாக மட்டுமே பார்த்த ஆள். இப்போது அவள் பட்டறையில் தேநீர் போடுவதும், வருகிறவர்களுக்கு வாய் ஓயாமல் கதை சொல்வதும்தான் என் உத்தியோகம்.

அப்படி வந்தவர்தான் டிக்கெட் கவுண்டர்காரர். விபத்தில் வலது கண் போய், பதினொரு மாதமாகக் கறுப்புக் கண்ணாடி. கவுண்டரிலிருந்து எழுப்பி, பின்னறையில் கோப்புகளோடு உட்கார வைத்துவிட்டார்கள். "முகம் பார்த்துப் பேசற வேலை சார் என்னுது. இப்ப அலமாரியைப் பார்த்துப் பேசறேன்" என்றார். வெளியூர்க்காரர், நாள்கணக்காக உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே தங்கை சரியான விளக்கை வைத்து அவருடைய நல்ல கண்ணைப் படமெடுத்து, அதைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துப் பார்த்து வரைந்தாள்.

பொருத்திய அன்று அவர் மனைவி பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கே தெரிந்தது. இடது கண் அவருடையது. வலது கண் யாரோ தூரத்துச் சொந்தக்காரருடையது. பழுப்பில் ஒரு பச்சை ஓடியது.

அவரே அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இன்னும் ஒரு தடவை பாக்கலாம்மா. அதுவும் சேரலேன்னா விட்டுடுவோம். கண்ணாடியோடயே காலத்தை ஓட்டிடறேன்."

தங்கை அன்று முழுக்க அந்தக் கண்ணையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாள் காலை, "மானிட்டர்தான் அண்ணா. நம்மளது கிழடு தட்டிடுச்சு" என்றாள்.

"கிழடுன்னு என்னைச் சொல்லலையே?"

"கிளம்புங்க."

கடையில் இரண்டு மானிட்டர்கள் அருகருகே நின்றன. ஒன்று சல்லிசு. இன்னொன்று தொழில்முறைக்காரர்களுக்கு. அதன் விலையைக் கேட்டபோது பத்தாவது மாடியில் கயிறு அறுந்த லிஃப்டுக்குள் நின்றேன்.

"ஏம்மா, ரெண்டுலயும் படம் தெரியுதில்ல?" என்று விற்பனைப் பெண்ணை மடக்கினேன்.

"தெரியும் சார்."

"பின்ன எதுக்கு இது அஞ்சு மடங்கு?"

"இது நிறத்தை உள்ளபடி காட்டும் சார்."

"அப்ப அது?"

"அழகா காட்டும்."

"அழகா காட்டறது போதாதா? எங்க கல்யாண போட்டோவே அப்படித்தான் எடுத்தது!"

தங்கை என் விலாவில் இடித்துவிட்டு, கவுண்டர்காரரின் நல்ல கண் படத்தை இரண்டு திரையிலும் போடச் சொன்னாள்.

சல்லிசில் ஒரு கண் தெரிந்தது. பழுப்பாக, பளபளப்பாக. சரி, கண்.

விலை உயர்ந்ததில் தெரிந்ததை என்னவென்று சொல்ல! வண்டிச் சக்கரம் அளவு பெரிது. நடுவில் அடி தெரியாத கறுப்புக் கிணறு. அதன் விளிம்பிலிருந்து தேன்நிறத்தில் ஆயிரம் இழை, தறியில் பூட்டியதுபோல. ஒன்றன் அடியில் ஒன்று நுழைந்து வெளியே வந்தது. ஓரிடத்தில் செம்மண், ஓரிடத்தில் சாம்பல், கரையோரம் மெல்லிய நீலப் புகை. நான் உள்ளே இறங்கிவிட்டேன். சத்தியமாக. செருப்பைக் கழற்றினேனா என்றுதான் நினைவில்லை. அறுபத்தாறு வருஷமாக எத்தனை பேர் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறேன்! அத்தனை பேரும் இப்படி இரண்டிரண்டு உலகத்தை முகத்தில் வைத்துக்கொண்டா என்னிடம் லிஃப்ட் எப்போது ஓடும் என்று கேட்டார்கள்?

அதற்குள் தங்கை கைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தாள். தோற்றுப்போன அந்த வலது கண்.

"ஐயோ!" என்று விற்பனைப் பெண் இரண்டடி துள்ளினாள்.

"பயப்படாதம்மா. அது யாரையும் பாக்காது" என்றேன்.

தங்கை அந்தக் கண்ணைச் சல்லிசுத் திரையின் அருகில் பிடித்தாள். அடடா! ஒட்டிப் பிறந்த இரட்டையர்! நான் கை தட்டியே விட்டேன். "பாத்தியா! இதுல அச்சா சேருது! இதையே எடுத்துடுவோம்."

"அண்ணா," என்றாள் மெதுவாக, "இது சேராத கண்ணு."

என் கைகள் தட்டிய இடத்திலேயே நின்றன.

அதே கண்ணை அடுத்த திரைக்குக் கொண்டுபோனாள். உடனே பச்சை வெளியே வந்தது. சுவரைப் பார்க்க ஆரம்பித்தாரே ஓர் அம்மாள், அவர் கண்ட அதே பச்சை.

"நம்ம பழைய திரையும் இப்படித்தான் பச்சையை மறைச்சிருக்கு. அன்னிக்கு இது மட்டும் என் மேஜையில இருந்திருந்தா, ரெண்டாவது கோட்டுலயே நிறுத்தியிருப்பேன்."

விலை உயர்ந்ததையே வாங்கினோம். டெலிவரிக்கு ஆள் வேண்டாம் என்று அந்தப் பெட்டியை நானே தூக்கினேன். அதன் எடை ஒரு லிஃப்ட் மோட்டார். கழித்துக்கொள்ளுங்கள்.

ஆறு நாள் வரைந்தாள். ஒவ்வொரு நிறமும் காய்ந்த பிறகு திரையருகே பிடித்துப் பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், சுரண்டி எடுப்பாள். தேநீர் ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். ஆறாம் நாள் உதடு பிதுங்கவில்லை.

ஏழாம் நாள் கவுண்டர்காரரும் மனைவியும் வந்தார்கள். தங்கை கண்ணைப் பொருத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். அவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்க்கத் தைரியமில்லை. மனைவியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அம்மாள் பார்த்தார். குனிந்து பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் இருக்கும்.

"என்ன? சொல்லேன்" என்றார் அவர், படபடப்பில் கொஞ்சம் கோபமாகவே.

"எதுக்கு இப்படி முறைக்கறீங்க?"

"யாரு முறைக்கறா?"

"நீங்கதான். ரெண்டு கண்ணாலயும்."

சொன்ன பிறகுதான் அந்த அம்மாளுக்கே அது காதில் விழுந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் நாற்காலியை இன்னும் அருகே இழுத்தார். "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.