படித்துப் பார்க்க ஒருவர்

வாடகை நாற்காலிகளை வாசலில் விரித்துக்கொண்டிருந்த தங்கையிடம், மலர்வளையத்தோடு வந்த மேலாளர் கேட்டது அண்ணனின் கடவுச்சொல்லை. துக்கம் விசாரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டார்.

"கேக்கவே சங்கடமா இருக்குங்க. சார் எழுதினத வச்சுத்தான் எங்க கம்பெனி சாஃப்ட்வேர் ஓடுது, காலையிலேருந்து அது படுத்துடுச்சு. கோப்பு பாதியில அறுந்து வர்றதால பல ஆஸ்பத்திரியில ஸ்கேன் படம் திறக்க மாட்டேங்குது. சாரோட பாஸ்வேர்ட் கிடைச்சா நாங்களே சரி பண்ணிக்குவோம்."

கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவன் அங்கேயே சரிந்துவிட்டான்.

பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் தங்கைக்குக் கணினி நிரல் ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு இந்தக் கதை மட்டும் அவளுக்கு மனப்பாடம். ஸ்கேன் படங்களைத் திறந்து காட்டும் சின்ன நிரல்தொகுப்பு ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் இணையத்தில் வைத்திருந்தான். எடுத்துக்கொள்ள ஊரே திரண்டு வந்தது, கூடமாட ஒத்தாசை செய்யத்தான் ஆளில்லை. கோப்பு பாதியில் அறுந்து வந்தால் நிரல் நின்றுவிடுகிறது என்று தெரிந்ததும் அதற்குத் திருத்தம் எழுதிவிட்டான். அது ஆகிறது பல மாதம். எழுதியவரைத் தவிர இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி சொன்னால்தான் எந்தத் திருத்தமும் உள்ளே போகும் என்பது அங்கே விதி. விதி வைத்தபோது நாலைந்து பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். படிக்க ஆளில்லாமல் திருத்தம் வெளியிலேயே கிடந்தது.

"நீ வச்ச விதிதானே, அத எடுத்துட்டு நீயே உள்ள போடேன்" என்று அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"ஆஸ்பத்திரியில ஓடுறதும்மா. என் கண்ணு மட்டும் பார்த்தா போதாது" என்பான்.

இப்போது இந்த மனிதருக்கு அந்த விதியைத் தாண்டிக் குதிக்கக் கடவுச்சொல் வேண்டுமாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த நாற்காலியை அவர் முன்னால் விரித்தாள்.

"உக்காருங்க. பையில லேப்டாப் இருக்கில்ல? எடுங்க. அவன் எழுதின திருத்தம் நெட்டுல எல்லாருக்கும் தெரியற மாதிரிதான் இருக்கு. படிங்க."

"இப்பவா?"

"வேற எப்ப? அவன் இருந்தப்ப உங்களுக்கு நேரம் கிடைக்கல."

"எங்க டீம்ல எல்லாருக்கும் வேலை அதிகங்க..."

"அவன் சும்மாவா இருந்தான்? பகலெல்லாம் ஒரு கம்பெனிக்கு உழைச்சான். வீட்டுக்கு வந்து உங்களுக்கு உழைச்சான். 'எப்ப முடியும், எப்ப முடியும்'னு வாராவாரம் எழுதத் தெரிஞ்சுது. இதப் படிக்க மட்டும் தெரியலையா?"

துக்கத்துக்கு வந்திருந்த மாமா அவள் தோளைத் தொட்டார். "இழவு வீட்டுல என்னம்மா இது?"

"இழவு வீட்டுலதான் மாமா பாஸ்வேர்ட் கேக்குறாரு."

மாமா கையை எடுத்துக்கொண்டார். மேலாளர் உட்கார்ந்தார். வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். முதலில் கடனே என்றுதான் பார்த்தார். போகப் போக முகம் திரையை நெருங்கியது. நிரலில் மேலே போய் மறுபடி கீழே வந்தார்.

"ஒரு இடத்துல தப்பு இருக்குங்க" என்றார் மெதுவாக. "கோப்பு காலியா வந்தா இதுவும் நின்னுடும். சின்னதுதான். சார்கிட்ட சொன்னா அஞ்சு நிமிஷத்துல..."

கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

தங்கைக்குத் தாங்கவில்லை. தப்பு இருந்ததற்காக இல்லை. இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றுதானே அவன் இத்தனை மாதம் காத்துக்கிடந்தான். கேட்டதெல்லாம் ஒரு ஜோடிக் கண். அது இதோ, அவன் பிணமான பிறகு, வாடகை நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? எழுதுங்க. அவனுக்கு எப்படி எழுதுவீங்களோ அப்படியே எழுதி அனுப்புங்க."

அவர் தட்டச்சு செய்தார். தயங்கி, அனுப்பினார்.

கூடத்தில் அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். விசாரிக்க அழைப்பவர்களுக்குப் பதில் சொல்ல அவன் கைபேசியை மடியில் வைத்திருந்தாள். அது ஒருமுறை சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் அவன் பக்கமாகக் குனிந்தாள்.

"ஏங்க, யாரோ படிச்சிட்டாங்க."