எட்டடித் தண்ணீர்

தொட்டிக் கணக்கு என்றால் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொண்டாட்டம். ஒரு குழாய் நிரப்பும், இன்னொன்று காலி செய்யும்; தொட்டி எப்போது தீரும் என்று கேட்பார்கள். அந்தத் தொட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று எந்தப் புத்தகமும் கேட்டதில்லை.

குளிக்கப் போகிறேன் என்று விடியலில் போன என் அண்ணன் அப்புசாமி திரும்பி வரவில்லை. எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் அவன் துண்டு மட்டும் கிடந்தது. முந்தின நாள்தான் கோயமுத்தூர் மில்லில் சேரப் போகிறேன் என்று அய்யனோடு சண்டை போட்டிருந்தான். "துண்டைப் போட்டுட்டு அவிநாசிக்கு நடந்து பஸ் ஏறியிருப்பானுங்க" என்று எங்களைப் பெற்ற ஆத்தா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீச்சல் தெரிந்த இரண்டு பேர் முங்கிப் பார்த்தார்கள். அடியில் பாறைக்குள் ஒரு பொந்து இருந்தது. அதற்குள் நுழைந்து தேட மூச்சுப் போதவில்லை. தண்ணீரை இறைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது.

எங்கள் மாடு ஒரு ஜோடி, பக்கத்துத் தோட்டத்துச் சுப்பண்ணன் மாடு ஒரு ஜோடி. மாடு கட்டி இறைக்கும் கவலை இரண்டையும் பூட்டினார்கள். தோல் சால்கள் தண்ணீரை மொண்டு மேலே வரத் தொடங்கின.

அய்யன் என்னைக் கூப்பிட்டார். "முத்தாத்தா, பொழுதுக்குள்ள தீருமான்னு கணக்குப் போட்டுச் சொல்லு கண்ணு."

வாய்க்கால் கல்லில் கரித்துண்டால் போட்டேன். தண்ணீர் எட்டடி. ஒரு ஜோடி மாடு மணிக்கு ஓரடி இறைக்கும், ஊற்று மணிக்கு ஓரடி ஏறும். இரண்டும் அய்யனுக்குப் பழக்கத்தில் தெரிந்தவை. இரண்டு ஜோடிக்கு இரண்டடி. அதில் ஊற்றுக்கு ஒன்று போக மிச்சம் ஒன்று. எட்டை ஒன்றால் வகுத்தால் எட்டு.

"எட்டு மணி நேரமுங்க. பொழுது எறங்கறதுக்குள்ள தீந்துரும்" என்றேன்.

"கெட்டிக்காரி" என்றார் சுப்பண்ணன். அந்த நேரத்திலும் எனக்கு அது இனித்தது. சின்னப் புத்தி.

உச்சி சாய்ந்தபோது பாதித் தண்ணீர் போயிருந்தது. ஆத்தா என்னிடம் வந்தாள்.

"அம்மணி, ஒரு ஜோடி நின்னுபோச்சுன்னா கணக்கு எப்படி வரும்?"

பழையதை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ஒரு ஜோடி ஓரடி இறைக்கும். ஊற்று ஓரடி ஏறும். ஒன்றில் ஒன்று போனால் ஒன்றுமில்லை.

"அப்பத் தண்ணி கொறையாதுங்க ஆத்தா. எத்தனை நாள் எறச்சாலும் தீராது."

"தீராதா?"

"தீராதுங்க."

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். நேரே போய் எங்கள் மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்த்தாள். இரண்டின் மூக்கணாங்கயிற்றையும் கையில் சுற்றிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள்.

"மாடு களைச்சுபோச்சுங்க" என்றாள்.

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வந்திருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒன்றும் பேதலிக்கவில்லை. என் கணக்கை அங்கே முழுசாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

அய்யன் அதட்டவில்லை. பக்கத்தில் போய் நின்றார்.

"ஏனுங்க, இந்நேரம் அவன் கோயமுத்தூர் போய்ச் சேந்திருப்பானுங்க" என்றாள் ஆத்தா.

"இருக்கும்" என்றார் அய்யன்.

சுப்பண்ணன் மாடுகள் மட்டும் நடந்தன. தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்றது. அரை மணி நேரம் கழித்து அய்யன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கயிற்றை வாங்கினார்.

பொந்து வெளியே தெரிந்தபோது வெயில் பனைமரத்து உச்சியில் இருந்தது. அண்ணன் அதற்குள்தான் இருந்தான்.

என் கணக்கில் பிழையில்லை. அரை மணி நேரம் மட்டும் கூடுதலாக ஆனது. அது ஆத்தா அவனை உயிரோடு வைத்திருந்த நேரம்.