ஆளில்லாத தீவு

"அந்தத் தீவுல ஒரு குடியும் கெடையாது. நான் வாங்கினப்ப வெறும் மணலும் முள்ளும்தான். அத்தனை தென்னையும் நான் வச்சது."

போடியில் தன் ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து முதலாளி ராஜாராம் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே மதராஸிலிருந்து வந்த ஓட்டல்காரர். தீவை விலைக்குக் கேட்டு வந்தவர்.

தரையில் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களில் சுருளியம்மாளும் ஒருத்தி. காய் பரப்பிய சொளகைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

ராமநாதபுரம் கரையிலிருந்து படகில் போகிற அந்தச் சின்னத் தீவை ராஜாராம் ஒரு ஜமீன் வாரிசிடம் வாங்கியது எழுபத்து மூன்றில். மீனவர்கள் தாத்தன் காலத்திலிருந்து குடிசை போட்டுத் தங்கி, வலை காயப்போட்ட இடம் அது. அவர்களை விரட்ட அந்தக் கரையில் ஒருத்தனும் கூலிக்கு வரமாட்டான் என்று ராஜாராமுக்குத் தெரியும். அதனால் மலையில் தன் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த, போடிக்குப் பக்கத்துச் சிலமலை ஊர் ஆட்களை லாரியில் ஏற்றி அனுப்பினார். கடலையே பார்த்திராதவர்கள். சுருளியம்மாளின் புருஷன் மலைச்சாமியும் போனான். தென்னங்கன்று வைக்கிற சோலி என்றுதான் சொல்லியிருந்தார்கள். போன அன்றைக்கே குடிசைகளைப் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்துப் போட்டார்கள்.

குடிதண்ணீர் கரையிலிருந்து படகில் வரவேண்டும். ஆடிக்காற்று கிளம்பியதும் படகு நின்றது. மலையில் காய் எடுக்கிற நேரம் நெருங்கியிருந்ததால் முதலாளிக்குத் தீவு ஞாபகமே இல்லை. தாகம் பொறுக்காமல் கன்றுக்கு ஊற்றுகிற உப்புக்கிணற்றுத் தண்ணீரைக் குடித்தான் மலைச்சாமி. வாந்தியும் பேதியுமாகி அங்கேயே போய்ச் சேர்ந்தான்.

கூடப் போன அமாவாசை திரும்பி வந்து அவளிடம் சொன்னான். "யாரு குடிசையைப் பிரிச்சோமோ, அவுகதான் ஆத்தா அந்த அலையில தண்ணி கொண்டாந்தாக. குழி வெட்டினதும் அவுகதான்."

அதைக் கேட்டதிலிருந்து செத்த புருஷன் மேலும் அவளுக்குக் கோபம். அடுத்தவன் கூரையில் எப்படிக் கை வைத்தாய் என்று கேட்க ஆள் இல்லையே என்று கோபம். ராஜாராமிடம் போய், அவனைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். "அது என் சொந்தத் தீவு. கண்டவுகளும் போயி வர சத்திரமா?" என்று அனுப்பிவிட்டார். வயிறு இருக்கிறதே, அதே கிட்டங்கியில் பத்து வருசம் காய் பொறுக்கினாள்.

இன்றைக்கு எழுந்து நின்றாள்.

"ஆளே இல்லையின்னா, எம் புருஷன் எங்க கெடக்காரு, மொதலாளி?"

ஓட்டல்காரர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா சொல்ற?"

"தென்னை வச்சது எம் புருஷன், ஐயா. தண்ணியில்லாமச் செத்தாரு. அங்கனதான் பொதைச்சிருக்கு. அதுக்கு முந்தி ஒரு ஊரே பொழங்கின எடம். அடிச்சு வெரட்டித்தான் வெறும் மணலாக்கினாக."

ராஜாராமின் முகம் கறுத்தது. "ஏதோ காய்ச்சல்ல போனவன். அதனால என்ன, ஆள விட்டுத் தோண்டி எலும்பைக் கொண்டாரச் சொல்றேன். வாங்கிட்டுப் போயி உங்க ஊருலயே பொதைச்சுக்க."

சுருளியம்மாள் சொளகைத் தூக்கி எறிந்தாள். பொறுக்கி வைத்த காய் அவர் காலடிவரை சிதறியது.

"தொட்டுப் பாரும். உசுரோட இருக்கையில ஒரு செம்புத் தண்ணி அனுப்பத் துப்பில்லை, இப்ப எலும்பை அனுப்புறீரோ? அவரு அங்கனதான் கெடப்பாரு. எவன் வாங்க வந்தாலும் நான் வந்து சொல்லுவேன்."

ஓட்டல்காரர் எழுந்துகொண்டார். செத்தவனுக்காக இரக்கப்பட்டு அல்ல. பிணம் புதைத்த இடத்தில் ஓட்டல் கட்டினால் யார் வந்து தங்குவார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

அன்றோடு அவளுக்கு அங்கே வேலை போனது. மறுவாரம் அதே ஊர் ஏலக்காய் வியாபாரி முகைதீன் பிச்சை ராவுத்தர் தன் கடைக்குக் காய் பொறுக்கக் கூப்பிட்டார். "என்னையும் இப்பிடிக் கேப்பியா, தாயி?" என்றார். "கேக்கிற மாதிரி செஞ்சா கேப்பேன்" என்றாள். சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார்.

தை பிறந்ததும் அமாவாசையைக் கூட்டிக்கொண்டு பஸ்சேறிக் கரைக்குப் போனாள். மீனவர்கள் கேள்வி கேட்காமல் படகில் ஏற்றிக்கொண்டார்கள். தென்னைகள் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தன. அவற்றைப் பார்க்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காவல்காரன் ஓடி வந்து மறித்தான்.

"இது தனியார் எடம். மொதலாளிகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டு முடிச்சாச்சு. சுருளியம்மா வந்திருக்கா, அடுத்த வருசமும் வருவாளுன்னு அவருகிட்டச் சொல்லு."

அவனை விலக்கிக்கொண்டு, அமாவாசை கைகாட்டிய திசையில் மணலில் நடந்தாள்.