மேனேஜர் ஏறிய பதினெட்டுப் படிகள்

லிப்ட் மெக்கானிக்கைக் கீழே இறக்க நாலு பேர் திணறிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்ப மறுத்தது. ஊரில் உள்ள உயரமான கட்டடத்துக்கெல்லாம் முப்பத்தாறு வருஷம் லிப்ட் மாட்டியவர், தாம் மட்டும் லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். கேட்டால், "வீட்லயும் வேலை ஞாபகம் வரணுமா?" என்பார்.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்கப்பா," என்றார் அவருடைய பழைய கூட்டாளி. "இவன் இருந்தா ரெண்டு நிமிஷத்துல வழி சொல்லியிருப்பான்."

மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மனைவி நின்றாள். நேற்றிலிருந்து அவளுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. கோபப்படவே நேரம் சரியாக இருந்தது. கோபம் நாயின் மேல்.

எட்டு மாதம் முன்பு பால் வாங்கப் போன மனுஷன் நாயோடு திரும்பினார். காப்பகத்தில் அறுபது நாய் இருந்ததாம். ஐம்பத்தொன்பது குரைத்ததாம். இது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டதாம். "எங்க மேனேஜர் அச்சு அசல் இப்படித்தான். விட்டுட்டு வர மனசு வரல," என்றார். அன்றே பெயரும் வைத்தாயிற்று.

மேனேஜருக்கு வயது பதின்மூன்று. பல் நாலு. காது சுத்தமாகக் கேட்காது.

"ஏன், குட்டி எதுவும் கிடைக்கலியா உங்களுக்கு?"

"குட்டிய யார் வேணா எடுத்துப்பாங்க. அதை வளர்த்து ஆளாக்க நமக்கு ஏது டைம்?"

ஹால் விளக்கை இரண்டு முறை போட்டு அணைத்தால் கட்டிலுக்கு அடியிலிருந்து வரும்படி அதைப் பழக்கியிருந்தார். ஒரு நாள் கரண்ட் விட்டு விட்டு வந்ததில் மேனேஜர் ஒரு மணி நேரத்தில் நாற்பது முறை வந்து போனார் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். எதிர்வீட்டுக்காரரைச் சாட்சிக்கு வேறு இழுத்தார்.

படி மட்டும் மேனேஜருக்கு ஆகாது என்றார். தினம் இரண்டு வேளை தூக்கிக்கொண்டு ஏறுவார். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்துவிடுவார். வீடு வந்து சேர்ந்தும் கால் மணி நேரம் மூச்சிரைக்கும்.

"இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா?"

"நான் என்ன பண்ண? மேனேஜர் கனக்கிறார்."

நேற்றுச் சாயங்காலம் இரண்டாவது திருப்பத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கதவு பிறாண்டும் சத்தம் கேட்டு அவள் திறந்தபோது மேனேஜர் நின்றிருந்தார். பதினெட்டுப் படி, தாமாகவே ஏறி, மூச்சுகூட வாங்காமல்.

"ஏறத் தெரிஞ்ச நாய்டா," என்று தம்பியிடம் விடிய விடியச் சொன்னாள். "எட்டு மாசமா நடிச்சு, அவரச் சுமக்க வச்சே கொன்னுடுச்சு." காலையில் முதல் வேலையாகக் காப்பகத்துக்குப் போன் போட்டாள்.

எல்லாம் முடிந்து திரும்பி, வந்தவர்களும் ஒவ்வொருவராகப் போன பிறகு, சாயங்காலம் காப்பகத்துப் பெண் வந்தாள். கையில் ஒரு கழுத்துப்பட்டையும் ஒரு காகிதமும்.

"திருப்பி எடுத்துக்கிறதுக்கு ஒரு கையெழுத்து வேணும்மா."

அவள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தாள். வயது, எடை, காது. அதற்குக் கீழே: படி நன்றாக ஏறும், இறங்கும். அதன் பக்கத்தில் அவருடைய கோணல் கையெழுத்து.

"இது யாரு எழுதினது?"

"நாங்கதாம்மா. சார் முதல்ல கேட்டதே அதத்தான். மூணாவது மாடி, ஏறுமான்னு. எங்க மாடிப்படியில ஏத்தியே காமிச்சோம்."

"அப்போ மாமாவுக்குத் தெரியுமாக்கா?" என்றான் தம்பி.

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். நாய் வருவதற்கு முந்தின மாதமெல்லாம் அவர் கடைக்குப் போய்வந்து வாசலிலேயே வெகுநேரம் நின்று செருப்பைத் துடைப்பார். வெறும் கையோடு ஏறினாலும் மூச்சு வாங்குதே, டாக்டரிடம் போகலாம் என்று ஒரு நாள் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் நாய் வந்தது. அப்புறம் அவள் நாயைத்தான் திட்டினாள்.

காகிதத்தைக் கையெழுத்துப் போடாமலே மடித்தாள்.

காப்பகத்துப் பெண் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். "வயசானத இழுக்கக் கூடாதும்மா. அதுவா வரணும். சார் எப்படிக் கூப்பிடுவாரு? ஏதாவது பழக்கியிருப்பாரே?"

"அதுக்கு இந்த லைட்ட—" என்று தம்பி ஆரம்பித்தான்.

"நீ போய் அவங்களுக்குத் தண்ணி கொண்டா."

தம்பி அக்காவைப் பார்த்தான். போனான்.

அவள் இரண்டடி நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். சுவிட்ச் போர்டு முதுகில் உறுத்தியது.

"தெரியலம்மா. அவரு என்கிட்ட எதையும் சொல்ற ஆளில்ல."

பெண் கையை நீட்டினாள், பட்டையை ஆட்டினாள், தரையில் தட்டினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கண் திறந்து, மூடியது.

"நாளைக்கு வரட்டுமாம்மா?"

"வாங்க. ஒண்ணும் அவசரமில்ல."

தண்ணீரைக் குடித்துவிட்டுக் காப்பகத்துப் பெண் படி இறங்கினாள். முதல் திருப்பம், அடுத்த திருப்பம். ஹால் இருட்டிக்கொண்டு வந்தது.

"லைட்டப் போடவாக்கா?"

"இரு."

கீழே கேட் சாத்தும் சத்தம் கேட்கும்வரை அவள் சுவரிலிருந்து முதுகை எடுக்கவில்லை.