மூன்றாம் அத்தியாயம்

ஞாயிற்றுக்கிழமை காலை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணி, பேச்சோடு பேச்சாக அந்தச் செய்தியைச் சொன்னாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் ஆள் குறைக்கப் போகிறார்களாம். மடிக்கும் மேசையிலிருந்து ஒருவர் போக வேண்டும். யாருடைய எண்ணிக்கை குறைவோ, அவர்.

"அப்படிப் பாத்தா யாரையும் அனுப்ப முடியாது. எங்க மேசையில எல்லாரும் ஒரே எண்ணிக்கைதான்," என்று சிரித்தாள் அண்ணி.

எதிரில் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்தாள். வெள்ளிக்கிழமை மாலை சலவைப் பிரிவு மேலாளரின் மேசையில் வைத்துவிட்டு வந்த கோப்பு கண்முன் வந்து நின்றது.

அவள் சமூகவியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு. அண்ணனுக்கு அந்தப் படிப்பைப் பற்றி ஒரே கருத்துதான். "நாலு பேர் கூடி நின்னா எட்டிப் பாக்குறதை நாங்க வம்புன்னு சொல்றோம். என் தங்கச்சி அதுக்குப் பட்டம் வாங்கப் போறா," என்பான். ஆய்வுக்கு ஓர் இடம் வேண்டும் என்று அவள் அலைந்தபோது, தான் வேலை செய்யும் இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனவள் அண்ணி. நான்கு மாதம், கவிழ்த்துப் போட்ட துணிக்கூடையின் மேல் உட்கார்ந்து, ஐந்து பெண்கள் படுக்கை விரிப்புகளை மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஷிப்டுக்கு ஒருவர் முந்நூறு விரிப்பு மடிக்க வேண்டும். எல்லோருக்கும் மூத்தவளான பெரியக்காவால் இருநூறைத் தாண்ட முடியாது, மணிக்கட்டு வலி. உலர்த்தி இயந்திரத்திலிருந்து துணி அள்ளிவரப் போகும் மற்றவர்கள், அவளைத் தாண்டும்போது தாங்கள் மடித்ததில் நான்கைந்தை அவளுடைய அடுக்கின் மேல் வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. முதல் மாதம் கூடைமேல் உட்கார்ந்திருந்தவளின் கண்ணில் அது படவே இல்லை. பட்ட அன்று உடம்பு சிலிர்த்தது. புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்லியும் அவளுக்கு விளங்காத ஒன்றை, அந்தச் சூட்டில், வாயைத் திறக்காமல் ஐந்து பெண்கள் கையால் செய்துகொண்டிருந்தார்கள். அதுதான் மூன்றாம் அத்தியாயம் ஆனது. பேராசிரியர் ஓரத்தில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார். ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதி அலுவலகத்துக்குத் தர வேண்டும் என்பது மருத்துவமனை நிர்வாகத்தின் நிபந்தனை. தந்தாயிற்று.

பெயர் எதையும் எழுதவில்லை. அ, ஆ, இ என்று எழுத்துகள் மட்டுமே. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடிதான் செய்திருந்தாள். ஆனால் 'இ' மணிக்கட்டில் பட்டை கட்டியிருப்பவர் என்று அவளே எழுதியிருந்தாள். அந்த அறையில் பட்டை கட்டியவள் ஒருத்திதான்.

அன்று முழுவதும் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. படுத்தாள், எழுந்தாள், மொட்டை மாடிக்குப் போனாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் இறங்கி வந்தாள். அண்ணியிடம் சொல்லிவிட மூன்று முறை சமையலறை வாசல் வரை போனாள். மூன்று முறையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னடி, கால்ல சக்கரமா?" என்றாள் அண்ணி.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் மேலாளரின் அறையில் இருந்தாள். கோப்பு அதே இடத்தில் இருந்தது. ஆனால் நடுவில் ஒரு பேனா செருகியிருந்தது.

"உக்காரும்மா. சனிக்கிழமையே படிச்சிட்டேன். நல்லா எழுதியிருக்க."

"மூணாவது அத்தியாயம் தப்பு சார். அதை எடுத்துடணும்."

"தப்புன்னா? பொய்யா?"

பொய் என்று சொல்லிவிடலாம். ஒரு தலையாட்டல் போதும். அவர் காத்திருந்தார்.

"பொய் இல்ல சார். உங்ககிட்ட குடுத்ததுதான் தப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஆறு வருஷமா அந்த ரூமைத் தாண்டித்தான் நான் போறேன், வர்றேன். எனக்குக் கண்ணு இல்லன்னு நினைச்சியா?"

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு நான் எப்ப சொன்னேன்?" கோப்பை ஒரு விரலால் அவள் பக்கம் நகர்த்தினார். "கண்ணால பாத்தா பாத்ததோட போச்சு. எழுத்துல மேசைக்கு வந்தா நான் பதில் சொல்லியாகணும். ஒரு ஆளைக் குறைன்னு மேலேர்ந்து சொல்றாங்க. யாருன்னு நீயே எழுதிக் கொண்டாந்து வெச்சிருக்க."

அவள் கோப்பின் மேல் கையை வைத்தாள்.

"இன்னும் பதிவேட்டுல ஏத்தல. பத்து மணிக்கு கிளார்க் வருவார். அதுக்குள்ள இது இங்க இல்லன்னா, வரவே இல்லன்னு அர்த்தம். ஆனா உன் காலேஜ்ல இருக்குமே?"

"அங்கயும் எடுத்துடுறேன்."

"அப்புறம் உனக்கு என்ன மிஞ்சும்?"

"எல்லாரும் எழுதுற மாதிரி ரெண்டு அத்தியாயம். பட்டம் ஒரு ஆறு மாசம் தள்ளிப்போகும்."

கோப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மேலாளர் பார்க்காமல் இருந்ததும் அந்த ஏற்பாட்டில் ஒரு பங்குதான், ஐந்து பேரோடு அவர் ஆறாவது ஆள், இதைத்தான் நான்காம் அத்தியாயமாக எழுதியிருக்க வேண்டும் என்று மனம் அதற்குள் வாக்கியம் கட்டத் தொடங்கியிருந்தது. பாதியில் அதைக் கவனித்தாள். வாக்கியத்தை முடிக்காமல் வேகமாக இறங்கினாள்.

மடிக்கும் அறையில் உலர்த்தி அப்போதுதான் நின்றிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: எழுதியது, கொடுத்தது, திரும்ப வாங்கியது. அண்ணி தலை நிமிரவில்லை. விரிப்பின் முனைகளைச் சேர்த்தபடி, "உன்னைக் கூட்டிட்டு வந்தது நான்," என்றாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கியவள், மடித்த விரிப்பைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

கடைசியில் பெரியக்காதான் கேட்டாள். "அதுல என்ன எழுதியிருக்க? படி."

"வேண்டாம் பெரியக்கா."

"என்னைப் பத்தித்தானே? அந்த மனுஷன் படிச்சாரு, உன் வாத்தியார் படிச்சாரு. நான் கேக்கக் கூடாதா?"

படித்தாள். 'ஒவ்வொருவரும் நான்கைந்து விரிப்புகளை வைக்கிறார்கள். பெறுபவர் அதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை' என்ற இடத்தில் பெரியக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நாலஞ்சு இல்ல. உங்க அண்ணி நாலு வெப்பா. இவ எப்பவும் ஆறு."

"எனக்கு எண்ண வராது, அதான்," என்றாள் ரேடியோ. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"யாரு எத்தனை வெக்கிறீங்கன்னு முதல் நாள்லேர்ந்து எண்ணிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் பெரியக்கா. குரல் தணிந்திருந்தது. "சொன்னா நீங்க கூச்சப்பட்டு நிறுத்திடுவீங்கன்னுதான் சொல்லல."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணி குனிந்து ஒரு விரிப்பை உதறினாள். மற்றவர்களும் வேலையைத் தொடங்கினார்கள். படித்துக் காட்டியவள் வழக்கம்போல் கூடையைக் கவிழ்த்து உட்காராமல் சுவரோரம் நின்றாள். ரேடியோ உலர்த்திக்குப் போய்த் திரும்பினாள். பெரியக்காவைத் தாண்டும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஓரக்கண் சுவர்ப்பக்கம் வந்து போனது. எதுவும் வைக்காமல் நடந்தாள். அடுத்தவளும் வைக்கவில்லை. அண்ணியும் வைக்கவில்லை. பெரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓரம் நீவிக்கொண்டிருந்தாள். அவளுடைய அடுக்கு மற்றவற்றில் பாதி உயரம்கூட வரவில்லை.

தான் பார்த்துக்கொண்டு நிற்கும் வரைக்கும் அந்த அடுக்கு வளராது என்று சுவரோரம் நின்றவளுக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆனது.

"வர்றேன்," என்றாள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கதவில் முக உயரத்தில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. மறுபடி வைக்கிறார்களா என்று ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும், மனம் அடங்கிவிடும். கால் அங்கேயே நின்றது. உள்ளே உலர்த்தி மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் பார்க்காமல் நடந்தாள்.