நல்ல தண்ணீரில் அரை மணி நேரம்

எங்கள் வீட்டில் ஒரு சண்டை ஏழு வருஷம் நடந்தது. நின்று குளிப்பது சுகமா, கிடந்து குளிப்பது சுகமா என்பதுதான் சண்டை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணன் ஷவர் கட்சி. கோவில்பட்டியில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார்; எங்கள் ஊரில் தொழிற்சாலைக்கு அதுதான் பேர். தொண்ணூற்றாறில் சரக்கு விஷயமாகப் பெங்களூர் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தங்கின லாட்ஜில் ஷவர் இருந்தது, அதற்குக் கீழே ஆள் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு டப்பும் இருந்தது. ஐயா என்ன செய்தார் தெரியுமா? டப்புக்குள் நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் ஷவரில் குளித்தார். வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "ரயிலுக்கு நேரமாச்சு, நீ சட்டுன்னு மேலுக்கு ஊத்திட்டு வா" என்றார். நான் உள்ளே போய் டப்பின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, குழாயடியில் குத்தவைத்துக் குளித்து முடித்தேன். மதுரை வரும்வரை அவரோடு பேசவில்லை. நான் பேசாததை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

ஊருக்கு வந்ததும் சொன்னேன், "வீடு கட்டும்போது எனக்கு ஒரு டப்பு வைக்கணும்."

"எருமைதாம்ட்டி தண்ணிக்குள்ள கிடக்கும். தலையில விழுந்து கால் வழியா ஓடணும், அதுதான் குளிப்பு. படுக்கப் போட்டுக் குளிப்பாட்டுறது பொணத்தைத்தான்."

"பச்சப்புள்ளையவும் காலுல படுக்கப் போட்டுத்தான் குளிப்பாட்டுதாவ. ஒங்களையும் அப்படித்தான் குளிப்பாட்டியிருப்பாவ."

பதில் கிடைக்காதபோதெல்லாம் அவருக்கு ஆபீசில் அவசர வேலை வந்துவிடும். அன்றைக்கும் வந்தது.

நான் ஏன் இதற்கு இப்படி ஒற்றைக்காலில் நின்றேன் என்று சொல்ல வேண்டும். பசுவந்தனையில் பிறந்த வீட்டில் ஓலைத் தட்டி மறைவுக்குள் பாவாடையை மார்போடு கட்டிக்கொண்டு குளித்தேன். காற்றடித்தால் ஒரு கை தட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாக்கப்பட்டு வந்த வீட்டில் பதினோரு பேருக்கு ஒரே குளியலறை, அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஆள் இருப்பது தெரிய நான் செம்பைத் தட்டிக்கொண்டே குளித்தேன். பிள்ளை பிறந்த பிறகு அழுகைச் சத்தத்துக்கு ஒரு காதைக் கொடுத்துக்கொண்டு குளித்தேன். பிறகு ஆபீசில் உட்கார்ந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற பெண்களோடு நானும் உட்கார்ந்து இருபது வருஷம் வேலை பார்த்ததில் இடுப்பு போயிற்று. யோசித்துப் பார்த்தால் செம்புக் குளியலில் கை வேலை செய்கிறது, ஷவரில் கால் வேலை செய்கிறது. உடம்பில் ஓர் இடமும் வேலை செய்யாமல், கதவுக்கு வெளியே யாரும் கூப்பிடாமல், அரை மணி நேரம் தண்ணீருக்குள் கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நகை நட்டு என்று நான் அவரிடம் அதிகம் கேட்டதில்லை. இதைத்தான் கேட்டேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் புது வீடு கட்டினோம். பருத்தி விளைந்த கரிசல்காட்டைப் பிளாட் போட்டிருந்தார்கள், அதில் ஒன்று. ஏழெட்டு முறை மல்லுக்கட்டிய பிறகு ஷவரும் உண்டு, டப்பும் உண்டு என்று முடிவாயிற்று. மதுரையிலிருந்து ரோஸ் கலர் டப்பு ஒன்று தீக்குச்சிக் கட்டுகளோடு லாரியில் ஏறி வந்தது. அது நுழைய கொத்தனார் கருத்தையா நிலையைப் பெயர்த்து மறுபடியும் வைக்க வேண்டியிருந்தது. எதிர் வீட்டு வெயிலம்மாள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எக்கா, இதுல எத்தனை படி அரிசி ஊறப்போடலாம்?" என்றாள்.

தை மாதம் பால் காய்ச்சினோம். ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் எனக்குத் திருநெல்வேலியில் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்குத் தண்ணீருக்குள் உட்காரவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் பொறுத்திருந்தேன். மூன்று மாதம் முடிகிற நேரத்தில் மண்ணுக்குள் கட்டியிருந்த கீழ்த் தொட்டி வெடித்துவிட்டது.

கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கிப் பாளம் பாளமாகப் பிளக்கும். அதில் தொட்டி கட்ட வேண்டுமானால் ஆழமாகத் தோண்டிச் சரளை அடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். "சொன்னேன், அண்ணாச்சி கேக்கலை" என்றார் கருத்தையா. அண்ணாச்சி அந்தச் செலவை மிச்சம் பிடித்துத்தான் ஷவருக்கு வெள்ளி மாதிரி மினுங்குகிற திருகு வாங்கியிருந்தார். இரண்டு தடவை பூசிப் பார்த்தோம். இரண்டு தடவையும் விரிசல் விட்டுத் தண்ணீரை மண் குடித்தது.

எங்கள் தெருக் குழாயில் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் நல்ல தண்ணீர் வரும். போரில் வருவது உப்புத் தண்ணீர். வாயில் வைக்க முடியாது, பருப்பு வேகாது. நல்ல தண்ணீரை எதில் பிடித்து வைப்பது? அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்வை டப்பில் வந்து நின்றது.

"தொட்டியைச் சரி பண்ணுத வரைக்குந்தான்" என்றார்.

அந்த வரைக்கும் ஒன்றேகால் வருஷம் நீண்டது. என் டப்பு சமையல் தண்ணீர்த் தொட்டியானது. மேலே பலகை போட்டு மூடி, என் பழைய சேலை ஒன்றை விரித்து, பக்கத்தில் கோரிக்கொள்ள ஒரு சொம்பு. அதைத் தாண்டி மூலையில் ஷவர். ஷவர்க்காரரின் பாடும் சுகமில்லை. மாடித் தொட்டியில் இருப்பது போர்த் தண்ணீர், உப்புப் படிந்து கண்ணெல்லாம் அடைத்துக்கொள்ளும். மருந்து முக்காத தீக்குச்சியால் ஒவ்வொரு கண்ணாகக் குத்திவிடுவார். கடைசியில் நாலே நாலு கண் திறந்து, ஒன்று தலையிலும் மற்றவை சுவரிலும் பீச்சும். அதன் கீழே நின்றுகொண்டு, "அடடா!" என்பார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் குடிக்கிற தண்ணீரில் போய் உட்கார முடியுமா? ஒவ்வொரு நாளும் அந்தச் சேலையை விலக்கி, உலைக்குத் தண்ணீர் கோரிக்கொண்டு, மறுபடி மூடிவிட்டு வருவேன்.

இரண்டாயிரத்து மூன்று சித்திரையில் ஒருநாள் விஷயம் முட்டிக்கொண்டது. அன்றைக்குத் தண்ணீர் விடுகிற முறை. எங்கள் பக்கத்து வழக்கம், புதுத் தண்ணீர் வருகிற அன்று பழைய தண்ணீரைக் காலி செய்துவிடுவோம். துணி அலசுவோம், வீடு கழுவுவோம், மிச்சத்தை வாசலில் கொட்டுவோம். மாலை ஐந்து மணிக்குத்தான் வரும் என்று வெயிலம்மாள் கேட்டு வந்து சொன்னாள். அப்போது மணி இரண்டு. டப்பில் முக்கால்வாசி இருந்தது. முந்தின வாரம் நான் கொஞ்சம் சிக்கனமாகத்தான் புழங்கினேன், ஏன் என்று எனக்கே அப்போது தெரியாது.

குடிக்க இரண்டு குடம் எடுத்து வைத்தேன். பலகையைத் தூக்கினேன். கதவைத் தாழிட்டேன். சித்திரை வெயிலில் தண்ணீர் தானாகவே இளஞ்சூடாகக் கிடந்தது.

உள்ளே இறங்கிப் படுத்ததும் முதலில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சொம்பைத் தேடியது கை. கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் என் உடம்பை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? அடிவயிற்றில் குறுக்கே தழும்பு. அதை நான் தொட்டது கிடையாது, அன்றைக்குத் தொட்டேன். மெள்ள மெள்ள இடுப்பைத் தண்ணீர் வாங்கிக்கொண்டது. வலி போகவில்லை, ஆனால் அதை நான் சுமக்க வேண்டியதில்லை என்று ஆயிற்று. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்தேன்.

பத்து நிமிஷம் இருக்கும். தெருவில் கூச்சல் கேட்டது.

"தண்ணி வந்துட்டூ! எக்கா, தண்ணி வந்துட்டு!"

வெயிலம்மாள்தான். மூன்று மணி நேரம் முன்னதாகத் திறந்துவிட்டார்கள். அதே நேரம் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தண்ணீர் முறை என்றால் அவர் ஆபீசில் இருக்கமாட்டார். செருப்புச் சத்தம் நேராக இங்கே வந்தது.

"ஏட்டி, கதவைத் தெற. டப்பைக் கழுவணும். உள்ள என்ன செய்யுத?"

"படுத்திருக்கேன்."

"எங்க?"

"டப்புல."

இரண்டு மணி நேரத் தண்ணீர். விட்டால் பன்னிரண்டு நாளைக்கு லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்க வேண்டும். எழுந்திருக்க இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றிவிட்டேன். ஊன்றின பிறகுதான் நினைத்தேன்: நான் எத்தனை தடவை இப்படி எழுந்திருக்கிறேன். பாதிச் சோற்றில், பாதித் தூக்கத்தில், தலையில் சீயக்காயோடு. கூப்பிட்ட குரலுக்கு எழுந்திருக்காமல் இருந்தது ஒரு தடவைகூட இல்லை. கையை எடுத்துவிட்டேன்.

"நான் இப்ப வரமாட்டேன்" என்றேன். என் குரலே எனக்குப் புதுசாக இருந்தது.

கதவை உடைப்பார் அல்லது கத்துவார் என்று காத்திருந்தேன். வெயிலம்மாள் வாசலிலிருந்து, "அண்ணாச்சி, அக்காவ எங்க? தண்ணி போயிரும்லா!" என்றாள்.

"அவ குளிக்கா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மெதுவா வரட்டும்" என்றார்.

பிறகு அடுப்படியில் பாத்திரங்கள் உருளுகிற சத்தம். குளியலறை ஜன்னல் தெருப்பக்கம்தான், எல்லாம் கேட்டது. அந்த மனுஷர் பிறந்ததிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கியதில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது. "அண்ணாச்சி, தோளுல வைக்காதீங்க, இடுப்புல வைங்க!" "ஏ, அண்ணாச்சிக்கு இடுப்பு எங்கன இருக்கு, வயிறுல்லா இருக்கு!" ஒரே சிரிப்பு. அவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார். வருகிறார், ஊற்றுகிறார், போகிறார். மூச்சு வாங்குவது கதவைத் தாண்டிக் கேட்டது. நான் அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே படுத்திருந்தேன், எழுந்திருக்கவில்லை.

விரல் நுனியெல்லாம் சுருங்கிய பிறகு வெளியே வந்தேன். முன்கூடத்துப் பட்டாசாலை முழுக்கப் பாத்திரம். அண்டா, இட்லிச் சட்டி, குக்கர், ஊறுகாய் ஜாடி, பரணில் கிடந்த என் சீர் குத்துப்போணி, எல்லாவற்றிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர். நடுவில் ஃபேனுக்குக் கீழே வேட்டி நனைந்து உட்கார்ந்திருந்தார். குழாய் அன்றைக்குச் சீக்கிரமே நின்றுவிட்டிருந்தது.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எப்படி இருந்துது?"

"இடுப்பு இருக்குங்கதே மறந்துபோச்சு."

"ஷவரை விடவா?"

"தண்ணியத் தெறந்துவிடலை. அப்படியேதான் கெடக்கு. நீங்களே போய்ப் படுத்துப் பாருங்க."

முகம் சுளித்தார். "நீ குளிச்ச தண்ணியிலயா?"

எனக்குக் கோபம் வரவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நிதானமாகத்தான் கேட்டேன்.

"கல்யாணத்தன்னைக்கு நீங்க தின்ன எலையிலதான் எனக்குச் சோறு வச்சாவ. அதுக்குப் பொறவு எத்தனை தீவாளி, எத்தனை பொங்கல். நான் என்னைக்காவது மூஞ்சியச் சுளிச்சனா?"

ஆபீசில் அவசர வேலை என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்புறம், கனத்த உடம்பு ஒன்று மெள்ளத் தண்ணீருக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது.