பேர் போடாத ரத்தம்

நான் படித்த படிப்பின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கே வராது. மருத்துவம் கொஞ்சம், சத்துணவு கொஞ்சம், சமூகவியல் கொஞ்சம், மனித நடத்தை கொஞ்சம் என்று எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டிய முதுகலை. சென்னையில் முந்தின வருஷம்தான் தொடங்கியிருந்தார்கள். மொத்தம் ஒன்பது பேர்.

"டாக்டருக்கா படிக்கிற?" என்று கேட்பார் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர். இல்லை என்பேன்.

"அப்ப நர்சு."

அதுவும் இல்லை என்பேன்.

"அப்ப இன்னாத்துக்கும்மா தெனம் பஸ்ல தொங்கிக்கினு போற?"

அவர் கேட்டதில் தப்பில்லை. என் அப்பா அமிர்தநாதனே பங்குக் கோயிலில் விசாரிப்பவர்களிடம் "ஜோவிதா ஏதோ பெரிய படிப்புப் படிக்கிறா" என்றுதான் சமாளித்தார். எனக்கோ தலைகால் புரியாத கர்வம். டாக்டர்கள் நோயைப் பார்க்கிறார்கள், நான் மனிதரைப் பார்க்கிறேன் என்று கல்லூரி கேன்டீனில் சண்டை போடுவேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

1991இல் ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது வடக்குப்பட்டுப் பெண்களை. ஊருக்கு வெளியே ஒரு பேட்டரி கம்பெனி இருந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, புதுத் தகடு செய்வார்கள். தகட்டில் ஈயப் பசை தடவுகிற வேலை பெண்களுக்கு. கையுறை கிடையாது. அந்தக் கையோடு டீ குடிப்பார்கள், முறுக்கு தின்பார்கள். ஈயம் உடம்பில் ஏறினால் வயிறு வலிக்கும், ரத்தம் சுண்டும், கை தளரும். எவ்வளவு ஏறியிருக்கிறது, அதைப் பற்றி அந்தப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற இரண்டும் என் கேள்விகள்.

முதலில் கதவைத் திறந்தவள் கிளியம்மாள். முப்பது வயதிருக்கும். லைனில் அவளை விட வேகமாகப் பசை தடவ ஆள் இல்லை என்று மற்றவர்களே சொல்வார்கள். புருஷன் நாகப்பன் கல்குவாரியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். வந்தால் வருவான், வராவிட்டால் வாரக்கணக்கில் இல்லை. கங்கா என்று ஐந்து வயதில் ஒரு பெண். அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததென்றால் அது கிளியம்மாளின் ஷிப்டால் எரிந்தது.

"ரத்தம் எடுத்துக்கோ நர்சம்மா. ஆனா பேரு மட்டும் எழுதாத" என்றாள். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டிருந்தேன்.

பேருக்கு அவர்கள் பயந்ததிலும் அர்த்தம் இருந்தது. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் பக்கம் போலீஸ் நிறுத்திப் பேர் எழுதிக்கொள்ளாத ஆள் பாக்கியில்லை. வாடகைக்கு இருந்தவன், பூ விற்றவன், சும்மா பஸ்ஸுக்கு நின்றவன் எல்லாரையும் எழுதினார்கள். பேர் காகிதத்தில் ஏறினால் வில்லங்கம் என்று ஊருக்கே தெரிந்துபோயிருந்தது.

"உங்க பேரு எங்கயும் வராதுக்கா" என்று முப்பத்து நாலு பேரிடமும் சத்தியம் செய்தேன். பேருக்குப் பதில் வீட்டுக்கு ஒரு எண். மலேரியாக்காரர்கள் மருந்தடித்த தேதியைச் சுவரில் எழுதிவிட்டுப் போவார்களே, அதைப் போல வாசல் பக்கத்துச் சுவரில் காவிக் கட்டியால் எண்ணை எழுதினேன். ரத்தப் பாட்டிலிலும் அதே எண். எந்தத் தாளைத் திருடினாலும் யாருக்கும் எதுவும் புரியாது.

செப்டம்பரில் முடிவு வந்தது. பதினொரு பேருக்கு ஈயம் எக்கச்சக்கம். கிளியம்மாளுக்குத்தான் அதிகம். உறுதி செய்ய அந்தப் பதினொரு பேரிடம் மட்டும் இரண்டாம் முறை ரத்தம் எடுக்க வேண்டும். லேப் உதவியாளர் தமிழ்வாணனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழிந்தது. எனக்கு அன்று கல்லூரியில் கருத்தரங்கம். அவருக்கு ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. பேர் எழுதிக் கொடுக்க முடியாது, சத்தியம் செய்திருக்கிறேன். மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். சனிக்கிழமை சாயங்காலம் போய், அந்தப் பதினொரு வீட்டு எண்களைச் சுற்றி மட்டும் ஒரு காவி வட்டம் போட்டேன்.

வட்டம் போட்ட வீட்டில் ரத்தம் எடுங்கள் என்று தமிழ்வாணனிடம் சொன்னபோது, "பலே" என்றார். நானும் என்னை மெச்சிக்கொண்டேன். பெட்டிக்குள் பூட்டி வைத்த ரகசியத்தைத் தெருச் சுவரில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன் என்று ஒன்பது பேர் படிக்கிற அந்தப் பெரிய படிப்பில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

புதன்கிழமை ஊருக்குப் போனால், காலை பத்து மணிக்குக் கிளியம்மாள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னாக்கா, ஷிப்டு இல்லயா?"

"இனிமே எனக்கு ஷிப்டே இல்ல. கேட்டாண்டயே நிக்க வெச்சி அனுப்பிட்டானுங்க. பதினோரு பேரு."

கம்பெனி சூப்பர்வைசர் முனிரத்தினத்தின் வீடு அடுத்த தெருவில். தினமும் சைக்கிளில் இந்த வழியாகத்தான் போவார். திங்கட்கிழமை வட்டத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டிருக்கிறார். ரெண்டாந்தரம் ரத்தம் எடுத்த வீடு என்று யாரோ வெள்ளையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போய் வட்டங்களை எண்ணிவிட்டார். நோய் கண்ட பெண்கள் உள்ளே இருந்தால் நாளைக்கு ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருவான், கேஸ் வரும் என்று அவருக்குப் பயம். கம்பெனிக்கு ஒரு நாளில் வேலை முடிந்தது.

"வேலில போற ஓணான எடுத்து மடில வுட்டுக்கினேன்" என்றாள் கிளியம்மாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "செரி, போவட்டும். ரத்தத்துல ஒண்ணும் இல்ல, தப்பா வந்திச்சின்னு ஒரு லெட்டரு எழுதிக் குடு. நீ எழுதினா சேத்துக்குவானுங்க."

"தப்பா வரலக்கா. நெஜமாவே ஏறியிருக்கு. மறுபடி அங்க போனா உனக்குத்தான்..."

"எனக்கு இன்னா ஆவும்னு நாங் கேக்கல. லெட்டரு குடுப்பியா மாட்டியா?"

மாட்டேன் என்றேன். அது சரியான பதில். இன்றைக்கும் அது சரியான பதில்தான். ஆனால் அதைச் சொன்ன வாயால் இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும். வட்டம் போட்டது நான், புத்தியில்லாமல் செய்தது நான், என்னை மன்னித்துவிடு என்று. அது வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் முனிரத்தினத்தின் மேல். தன் தப்பு தொண்டைக்குள் நிற்கும்போது அடுத்தவன் மேல் பாய்வது எவ்வளவு சுகம்! நேராகக் கம்பெனி கேட்டுக்குப் போய் அவரைக் கூப்பிட்டுக் கூச்சல் போட்டேன்.

அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "இன்னாம்மா நீ? ஈயம் ஒடம்புக்கு ஆவாதுன்னு வூடு வூடா சொன்னது நீதான? அதான் ஈயத்தாண்ட வரவேணாம்னு சொல்லிட்டோம். நல்லதுதான பண்ணோம்?"

ஈரத் துணியை எடுத்துப் போய்ப் பதினொரு வட்டங்களையும் துடைத்தேன். காவி சுண்ணாம்பில் ஊறிப்போய், வட்டம் இருந்த இடம் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

என் ஆய்வு வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அவர்கள் இப்போது தொழிலாளிகள் இல்லையே, ஜோவிதா. ‘தொடர்பு விட்டுப்போனவர்கள் பதினொருவர்’ என்று ஒரு வரி போட்டுவிடு" என்றார். போட்டேன். தொடர்பை விட்டது யார் என்று அந்த வரி சொல்லவில்லை. அதன் பிறகு வடக்குப்பட்டுப் பக்கமே நான் போகவில்லை. மழை, எழுத்து வேலை என்று வீட்டில் காரணம் சொன்னேன். பயம்தான்.

டிசம்பரில், விட்டுப்போன இரண்டு கேள்விகளுக்காக வேறொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கிளியம்மாள் வீட்டைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். பின்பக்கமிருந்து டொக் டொக்கென்று சத்தம். சுற்றிப் போய்ப் பார்த்தேன்.

வீட்டுக்குப் பின்னால் சாக்கு மூட்டைகள். கிளியம்மாள் சுத்தியலால் பழைய பேட்டரியை உடைத்துக்கொண்டிருந்தாள். கங்கா அவளுக்கு எதிரே குந்தி, உடைந்ததிலிருந்து ஈயத் தகடுகளைப் பொறுக்கித் தட்டி, கறுப்புத் தூளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். பக்கத்தில் சோற்றுப் பானை திறந்திருந்தது.

"அக்கா, இன்னா இது?"

"கம்பெனி வேலதான். ரெண்டு மாசமா முனிரத்தினம் மூட்டைய கொண்ணாந்து எறக்கிடறாரு. நின்னுபோன பதினோரு வூட்டுக்கும். கேட்டுக்குள்ள போனாத்தான கேசு? வூட்ல ஒடைச்சா எவன் கேப்பான்?"

கம்பெனிக்கு எந்தெந்த வீடு என்று தேட வேண்டிய சிரமமே இல்லை. பெரியவர்கள் உடம்போடு நின்றிருந்த ஈயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து, குழந்தை கையில் கொடுத்தாகிவிட்டது. என் ஆய்வு செய்த வேலை இது.

"கங்காவுக்கு ரத்தம் பாக்கணும்க்கா. கொழந்தைங்களுக்கு சீக்கிரம் ஏறும். மூளையவே கெடுத்துடும்."

"எனக்குப் பாத்த, வேல போச்சி. இவுளுக்குப் பாத்தா எது போவும்?" அவள் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. "வவுறு வலிக்கிதுன்னு ஒரு வாரமா அழுவுது. எனக்குத் தெரியாமயா கீது? தெரிஞ்சி இன்னா பண்ண சொல்ற?"

கங்கா எழுந்து வந்தாள். கறுத்துப்போன கையைப் பாவாடையில் துடைத்து என் முன்னால் நீட்டினாள்.

"எனக்கும் எடு. ரத்தம் எடுத்தா பிஸ்கட்டு தருவீங்களாமே."

கிளியம்மாள் அந்தக் கையையே பார்த்தாள்.

"எடு" என்றாள் கடைசியில். "ஆனா எங்கியும் எழுதாத. பேரு வேணாம், நம்பரும் வேணாம். வாயால வந்து என்னாண்ட மட்டும் சொல்லு. வேற எவ காதுலயும் வுழக் கூடாது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தமிழ்வாணன் வந்து எடுத்தார். எண் இல்லாத அந்தப் பாட்டிலை ஒரு வாரம் கழித்து மற்ற வேலைகளுக்கு நடுவே சோதித்துக் கொடுத்தார். முடிவை நான் எந்தத் தாளிலும் குறிக்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஈய அளவை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். கிளியம்மாளின் காதில் சொன்னேன். உடனே எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், நாளைக் காலை நானே வருகிறேன் என்றேன். அவள் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் போட்டாள்.

காலையில் நான் போனபோது முனிரத்தினம் வண்டியோடு வந்து நின்றிருந்தார். தெருவில் கிடந்த மூட்டைகளை எதிர் வீட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். எதிர் வீடு காந்திமதியுடையது. அவளும் அதே கம்பெனிதான். ரத்தத்தில் அளவு குறைவாக வந்ததால் வேலை தப்பியவள். மூன்று குழந்தைகள். ஷிப்ட் முடிந்து வந்து இதையும் உடைக்கலாம் என்ற சந்தோஷம் அவள் முகத்தில். கடைக்குட்டி ஏற்கெனவே ஒரு மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"நர்சம்மா, கிளிக்கு இன்னா கோவம்? நல்ல வேலைய தூக்கி ரோட்ல போட்டுட்டா. உனக்கு எதுனா தெரியுமா?"

"கொழந்தைங்க இருக்கற வூட்ல இது ஆவாதுக்கா" என்றேன்.

"நீ எல்லாத்தையுந்தான் ஆவாதுன்னுவ. கிளி வூட்டுப் புள்ளைக்கு இன்னா ஆயிடிச்சி?"

வாய் வரை வந்தது. ஈய அளவு வந்தது, வயிற்றுவலி வந்தது, எல்லாம் வந்தது. எதிரே கங்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளியம்மாள் என்னையே பார்த்தாள். அவளுக்குக் கொடுத்த வாக்கை ஒரு தடவை சுவரில் உடைத்தவள் நான். இன்னொரு தடவை உடைக்கத் துணிவில்லை. உடைக்காவிட்டால் அந்த மூன்று குழந்தைகள்.

"வா, பஸ்ஸு பூடும்" என்றாள் கிளியம்மாள்.

நடந்தோம். நாலு வீடு தாண்டியிருப்போம். அவள் நின்றாள். திரும்பி வேகமாகப் போய்த் தெருவின் நடுவே நின்று, குழந்தையை இடுப்பிலிருந்து சற்றுத் தூக்கிக் காட்டினாள்.

"ஏ காந்தி! எம் பொண்ணு ரத்தத்துல ஈயம் ஏறிப்போச்சிடி. அம்பத்தெட்டு. இருபத்தஞ்சே ஜாஸ்தியாம். ரெண்டு மாசம் அந்த மூட்டைய வூட்ல வெச்சிக்கினு நாந்தான் குடுத்தேன் அவுளுக்கு. வேற யாரும் இல்ல, நாந்தான்!"

முனிரத்தினம் தோளில் இருந்த மூட்டையோடு அப்படியே நின்றார். காந்திமதி ஓடிப்போய்க் கடைக்குட்டியைக் கையைப் பிடித்து இறக்கினாள். தெருவில் இருந்த கதவுகளெல்லாம் திறந்திருந்தன.

"நீ இல்லக்கா, நான்" என்றேன், எல்லோரும் கேட்க. அதைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.